படத்தில் தெரியாத மனிதர்கள்: வான்வழி உணரிகளும் வன உரிமையும்

இராஜபாளையத்தின் எந்தத் தெருவில் நின்று மேற்கே பார்த்தாலும் மலை தெரியும். திருவில்லிபுத்தூரிலும் அப்படித்தான். இந்த மலைச்சரிவுகளில் செண்பகத்தோப்பு, அத்திகோயில், அய்யனார் கோயில் போன்ற இடங்களில் பளியர் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். அடிவாரத்து மாந்தோப்புகளிலும் தென்னந்தோப்புகளிலும் கூலி வேலை செய்தும், ஆடு மேய்த்தும், விறகு சேகரித்தும் பட்டியலின மக்கள் வாழ்கின்றனர். இரு பிரிவினருக்கும் காடு வாழ்வாதாரம். ஆனால் அந்தக் காட்டின்மீது தமக்குள்ள உரிமையை நிறுவ வேண்டிய கட்டாயமும் இவர்களுக்குத்தான்.

வன உரிமைக் கோரிக்கைகள் தொடர்பான விசாரணைகளில் வழக்கறிஞர்களாகிய நாங்கள் மீண்டும் மீண்டும் எதிர்கொள்ளும் காட்சி ஒன்று உண்டு. கோரிக்கையாளர் தம் பாட்டன் காலத்திலிருந்து தேன் எடுத்த பாறையை, கிழங்கு தோண்டிய சரிவை, முன்னோரைப் புதைத்த இடத்தைச் சொல்லுவார். எதிரே அமர்ந்திருக்கும் அலுவலர் கணினித் திரையைத் திருப்பிக் காட்டுவார். திரையில் அடர்பச்சை நிறம் மட்டுமே இருக்கும். 'இங்கே காடு மட்டும்தானே இருக்கிறது, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?' என்பதே அந்தத் திரை எழுப்பும் கேள்வி.

செயற்கைக்கோள், விமானம், ட்ரோன் ஆகியவற்றிலிருந்து காட்டை அளக்கும் தொழில்நுட்பங்கள் வேகமாகப் பரவிவரும் காலம் இது. அவற்றை எதிர்ப்பது எங்கள் நோக்கமன்று. அவை எதைக் காண்கின்றன, எதைக் காண்பதில்லை, சட்டம் அவற்றுக்கு எந்த இடத்தைத் தந்துள்ளது என்பதைக் காட்டோர மக்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

கருவி எப்படி வேலை செய்கிறது?

வான்வழி உணரிகளில் முதன்மையானவை மூன்று. முதலாவது, ஒளியின் நிறக்கூறுகளைப் பதிவு செய்யும் உணரி. பச்சை இலை சூரிய ஒளியின் சிவப்புக் கூறை உறிஞ்சிக்கொள்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்புக் கூறைப் பெருமளவில் திருப்பி அனுப்புகிறது. இவ்விரண்டுக்கும் இடையேயான வேறுபாட்டை அளந்தால் தாவரங்கள் செழிப்பாக உள்ளனவா, காய்ந்துள்ளனவா என்று கணக்கிடலாம். இதன் நுட்பமான வடிவம், ஒளியை நானூற்றுக்கும் மேற்பட்ட கூறுகளாகப் பிரித்துப் பார்க்கிறது. இஸ்ரோவும் நாசாவும் இணைந்து 2015-16 ஆம் ஆண்டுகளில் இத்தகைய கருவியொன்றை விமானத்தில் பொருத்தி, இந்தியாவின் பல பகுதிகளின் மேல் பறக்கவிட்டு ஆய்வு செய்தன.

இரண்டாவது லைடார். விமானத்திலோ ட்ரோனிலோ பொருத்தப்பட்ட கருவி, வினாடிக்குப் பல்லாயிரக்கணக்கான லேசர் ஒளித்துடிப்புகளைக் கீழ்நோக்கி அனுப்பும். அவை இலையிலோ கிளையிலோ தரையிலோ பட்டுத் திரும்பி வர எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கொண்டு தொலைவு கணக்கிடப்படும். ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் செல்வது. எனவே நேரத்தில் வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு வேறுபாடு, தொலைவில் சுமார் 15 சென்டிமீட்டர் வேறுபாட்டைக் குறிக்கும். சில துடிப்புகள் மர உச்சியில் பட்டுத் திரும்பும். சில இலைகளுக்கிடையேயான இடைவெளி வழியே நுழைந்து தரையைத் தொட்டுத் திரும்பும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மரத்தின் உயரம் கிடைக்கும். மரங்களையெல்லாம் நீக்கிவிட்டுத் தரையின் வடிவத்தை மட்டும் பார்ப்பதும் இதனால் இயலும்.

மூன்றாவது வெப்ப உணரி. உடல் வெளிவிடும் வெப்பத்தைக் கொண்டு இருளிலும் இது யானையைக் காணும், புகையும் காட்டுத்தீயைக் காணும், மனிதரையும் காணும். ஆனால் அடர்ந்த மரக்கூரைக்குக் கீழே இருப்பவை இதற்குத் தெளிவாகப் புலப்படுவதில்லை.

பயன் எங்கே?

இம்மலைக்கு இக்கருவிகளால் உண்மையான பயன் உண்டு. 1988 டிசம்பரில் இங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டதே சாம்பல் நிற மலை அணிலைக் காப்பதற்காகத்தான். அந்த அணில் பெரும்பாலும் தரைக்கு இறங்காமல், ஒரு மரத்தின் கிளையிலிருந்து அடுத்த மரத்தின் கிளைக்குத் தாவிச் செல்வது. ஓடைக்கரை மரங்களின் கூரை எங்கே அறுபட்டாலும் அதன் பாதையும் அங்கே அறுபடும். அந்த இடைவெளிகளை லைடார் துல்லியமாகக் காட்டும். கோடைக்காலத்தில் புற்சரிவுகளில் பற்றும் தீயை முன்கூட்டியே கண்டறிந்தால் உயிர்கள் தப்பும். 2018 மார்ச்சில் அண்டை மாவட்டமான தேனியின் குரங்கணி மலையில் பற்றிய தீ, மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டதை நாம் மறக்கவில்லை. இரவில் தோப்புக்குள் இறங்கும் யானையை வெப்ப உணரி முன்கூட்டியே காட்டினால், காவலுக்குப் படுத்திருக்கும் கூலித் தொழிலாளியின் உயிரும் யானையின் உயிரும் ஒருசேரக் காக்கப்படும்.

ஆதிக்கத்தில் உள்ளோரை நோக்கியும் இக்கண் திரும்பக்கூடும். 2012 ஆம் ஆண்டில் மதுரை மாவட்டக் கிரானைட் முறைகேடுகள் வெளிவந்தபோது, குவாரிகளை அளப்பதற்கு அண்ணா பல்கலைக்கழகத்தின் ஆளில்லா விமானங்கள் பயன்படுத்தப்பட்டன. ஆவணத்தில் எழுதப்பட்ட அளவுக்கும் பூமியில் தோண்டப்பட்ட அளவுக்கும் உள்ள வேறுபாட்டை வானிலிருந்து எடுத்த படம் காட்டிவிடும். எனவே கருவி யாருடைய கையில் இருக்கிறது, யாரை நோக்கித் திருப்பப்படுகிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

படம் காணாதவை

இந்திய வன அளவை நிறுவனம் 1987 முதல் ஈராண்டுக்கு ஒருமுறை வெளியிடும் நாட்டின் வனநிலை அறிக்கையை எடுத்துக்கொள்வோம். ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில், மரக்கூரை 10 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் அது 'வனப்பரப்பு'. அந்நிலம் யாருடையது, எதற்குப் பயன்படுகிறது என்பன கணக்கில் வாரா. இந்த வரையறையின்படி, இராஜபாளையத்து அடிவாரத்தில் வேலியிட்டு வளர்க்கப்படும் தனியார் மாந்தோப்பும் வனப்பரப்புதான். வானிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு இலை தெரிகிறது, பட்டா தெரிவதில்லை.

இதே குறைபாடு பளியர் குடியிருப்பில் தலைகீழாக வெளிப்படுகிறது. தேனெடுப்பும் கிழங்கு தோண்டுதலும் நன்னாரி சேகரித்தலும் மரக்கூரைக்குக் கீழே நிகழ்பவை. அவை காட்டில் வெட்டவெளியை உருவாக்குவதில்லை. சிறு குடிசையும் அதனருகே நான்கு செடிகளும் பெருமரங்களின் நிழலில் மறைந்துவிடும். வனநிலை அறிக்கைக்குப் பயன்படுத்தப்படும் செயற்கைக்கோள் படத்தின் ஒரு புள்ளி, தரையில் ஏறத்தாழ 23 மீட்டர் நீளமும் 23 மீட்டர் அகலமும் கொண்ட பரப்பைக் குறிக்கிறது. ஒரு பளியர் வீடு முழுவதும் அந்த ஒரு புள்ளிக்குள் கரைந்துபோகும்.

இதில் ஒரு பெரும் அநீதி ஒளிந்திருக்கிறது. காட்டை வெட்டித் திருத்தியவர் படத்தில் தெளிவாகத் தெரிவார். காட்டைக் குலைக்காமல் வாழ்ந்தவர் தெரியமாட்டார். படத்தை மட்டுமே சான்றாகக் கொண்டால், காட்டைக் காத்த காரணத்தாலேயே ஒருவர் தம் உரிமையை இழக்க நேரிடும்.

பட்டியலின மக்களின் நிலை இன்னும் கடினமானது. 2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்படி, பழங்குடியினர் 2005 டிசம்பர் 13 ஆம் நாளுக்கு முன்பிருந்து காட்டில் வசித்து, அதைச் சார்ந்து வாழ்ந்ததைக் காட்டினால் போதும். தலித்துகள் உள்ளிட்ட பிறர் 'இதர பாரம்பரிய வனவாசிகள்' என்ற பிரிவில் வருகின்றனர். அவர்கள் அந்நாளுக்கு முன் மூன்று தலைமுறைகள், அதாவது 75 ஆண்டுகள், அங்கு வாழ்ந்ததை நிறுவ வேண்டும். கணக்கிட்டால் அது 1930 ஆம் ஆண்டுக்குப் போகிறது. நிலவளங்களை ஆராய்வதற்கென அமெரிக்கா முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோளை ஏவியது 1972 இல். இந்தியாவின் முதல் தொலையுணர்வுச் செயற்கைக்கோளான ஐ.ஆர்.எஸ்-1ஏ விண்ணில் ஏறியது 1988 மார்ச்சில். 1930 இல் ஒரு தலித் குடும்பம் எங்கே ஆடு மேய்த்தது என்பதை எந்தச் செயற்கைக்கோளும் பார்த்திருக்க இயலாது. நிலமும் எழுத்தும் திட்டமிட்டு மறுக்கப்பட்ட மக்களிடம் 75 ஆண்டுக்கான ஆவணம் கேட்பதே கொடுமை. அதன்மேல் 'படத்தில் இல்லை' என்று சொல்வது அக்கொடுமையை இரட்டிப்பாக்குகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

2012 ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட வன உரிமை விதிகள் இதற்குத் தெளிவான விடை தந்துள்ளன. விதி 12அ-இன் உட்பிரிவு 11 இவ்வாறு கூறுகிறது: உட்கோட்ட அளவிலான குழுவோ மாவட்ட அளவிலான குழுவோ குறிப்பிட்ட ஒரு வகை ஆவணத்தைத்தான் தர வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது. செயற்கைக்கோள் படமும் பிற தொழில்நுட்பங்களும் மற்றச் சான்றுகளுக்குத் துணையாகலாமே தவிர, அவற்றுக்கு மாற்றாகக் கருதப்படலாகாது. விதி 13 ஏற்கத்தக்க சான்றுகளைப் பட்டியலிடுகிறது. கோரிக்கையாளர் அல்லாத மூத்தோரின் எழுத்துவடிவ வாக்குமூலம், வீடு, குடிசை, வரப்பு, புனித மரம், இடுகாடு ஆகியவை அவற்றுள் அடங்கும். பாட்டியின் நினைவும் படத்தைப் போலவே சட்டப்படியான சான்றுதான்.

குஜராத்தில் செயற்கைக்கோள் படங்களைக் காரணம் காட்டிப் பெருமளவில் கோரிக்கைகள் நிராகரிக்கப்பட்டபோது, அம்மாநில உயர்நீதிமன்றம் 2013 ஆம் ஆண்டில் தலையிட்டது. படங்களை மட்டுமே அடிப்படையாக்கி உரிமையை மறுக்க முடியாது என்ற நிலைப்பாட்டை எடுத்து, மறுபரிசீலனைக்கு வழிவகுத்தது.

ஆயினும் ஆபத்து நீங்கிவிடவில்லை. 2019 பிப்ரவரி 13 அன்று உச்சநீதிமன்றம், கோரிக்கை நிராகரிக்கப்பட்டோரை வெளியேற்றும்படி உத்தரவிட்டது. கூடவே, செயற்கைக்கோள் வழியாக ஆக்கிரமிப்புகளை ஆய்வு செய்து அறிக்கை தருமாறு வன அளவை நிறுவனத்தைப் பணித்தது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்பைத் தொடர்ந்து, பிப்ரவரி 28 அன்று வெளியேற்ற உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. அந்தப் பதினைந்து நாட்களில், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நிராகரிக்கப்பட்ட கோரிக்கைகளுக்குப் பின்னிருந்த குடும்பங்கள் வாழ்வா சாவா என்று நின்றன. 'உரிமையாளர்' என்ற சொல்லும் 'ஆக்கிரமிப்பாளர்' என்ற சொல்லும் ஒரே படத்தின் மீது எழுதப்படக் கூடியவை. எதை எழுதுவது என்பதை முடிவு செய்ய வேண்டியது சட்டம் வகுத்த நடைமுறையே அன்றிப் படம் அன்று.

தமிழ்நாட்டுக்கென்று தனித் துயரமும் உண்டு. சென்னை உயர்நீதிமன்றம் 2008 இல் பிறப்பித்த இடைக்கால உத்தரவால் இங்கு உரிமைப் பட்டங்கள் வழங்குவது ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. உச்சநீதிமன்றம் அத்தடையை நீக்கியது 2016 பிப்ரவரியில்தான். அதற்கு ஐந்தே ஆண்டுகளில், 2021 பிப்ரவரியில், திருவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 1,016 சதுர கிலோமீட்டர் பரப்பு கொண்ட அக்காப்பகத்தில் சுமார் 641 சதுர கிலோமீட்டர் உள்வட்டப் பகுதி. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 38வி-யின்படி, புலிகள் காப்பகத்திலிருந்து எவரையும் இடம்பெயர்க்க வேண்டுமெனில், முதலில் அவர்களுடைய உரிமைகள் முழுமையாக அங்கீகரிக்கப்பட்டிருக்க வேண்டும். கிராம சபையின் விவரமறிந்த ஒப்புதலும் வேண்டும். வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 4(5), அங்கீகார நடைமுறை முடியும்வரை எவரையும் வெளியேற்றக் கூடாது என்கிறது. இந்தப் பாதுகாப்புகள் இருக்கும்போதே, 2024 ஜூன் மாதத்தில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம், புலிகள் காப்பகங்களின் உள்வட்டப் பகுதிகளில் உள்ள 591 கிராமங்களின் இடப்பெயர்ச்சியை விரைவுபடுத்துமாறு மாநிலங்களுக்கு எழுதியது.

பாதுகாப்பின் பெயரால் கண்காணிப்பு

உத்தராகண்டின் கார்பெட் புலிகள் காப்பகத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய கள ஆய்வு 2024 நவம்பரில் வெளியானது. விலங்குகளைக் கணக்கெடுக்க வைத்த தானியங்கிக் கேமராக்களும் ட்ரோன்களும், விறகும் புல்லும் சேகரிக்கச் செல்லும் பெண்களை அச்சுறுத்தப் பயன்பட்டதை அது பதிவு செய்தது. காட்டில் ஒதுங்கச் சென்ற, ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் படம் கேமராவில் பதிவாகிச் சமூக ஊடகங்களில் பரவிய கொடுமையும் அதில் இடம்பெற்றது. வீட்டிலும் ஊரிலும் கிடைக்காத தனிமையைக் காட்டில் பெற்றிருந்த பெண்கள், கேமராக்கள் வந்தபின் பாட்டையும் பேச்சையும் நிறுத்திக்கொண்டனர்.

செண்பகத்தோப்புப் பெண்ணுக்கும் அடிவாரச் சேரிப் பெண்ணுக்கும் இது தொலைதூரச் செய்தியன்று. கழிப்பறை இல்லாத குடியிருப்பில், காட்டின் மேல் பறக்கும் ட்ரோன் அணிலை மட்டும் பார்ப்பதில்லை. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்தது. அவ்வுரிமை காட்டின் எல்லையில் முடிந்துவிடுவதில்லை. 2015 இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(ஜி), பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் தம் வன உரிமைகளை அனுபவிப்பதில் குறுக்கிடுவதைக் குற்றமாக்கியுள்ளது. இப்பிரிவு நம் மக்களிடையே போதிய அளவு அறியப்படவில்லை.

கருவி மக்களின் கைக்கு வந்தால்

பிரேசிலின் ரொண்டோனியா மாநிலத்தில் உரு-எவ்-வாவ்-வாவ் பழங்குடி இளைஞர்கள் ட்ரோன் இயக்கப் பயிற்சி பெற்று, தங்கள் நிலத்துக்குள் அத்துமீறிப் புகுந்து காடழிப்போரைத் தாங்களே படமெடுத்துச் சான்றாக்கினர். தொல்லியலாளர்கள் 2009 இல் பெலிஸ் நாட்டின் கராகோல் பகுதியிலும், பின்னர் பொலிவியாவின் அமேசான் பகுதியிலும் லைடார் கொண்டு மரக்கூரைக்கு அடியிலிருந்த பழைய குடியிருப்புகளையும் பாதைகளையும் வெளிக்கொணர்ந்தனர். 'மனிதர் வாழாத கன்னிக் காடு' என்று கருதப்பட்ட இடங்களில் மனிதர் வாழ்ந்த தடம் தெரிந்தது. அதே கருவி இம்மலையில் கைவிடப்பட்ட குடியிருப்பின் மேடையையும் கல்வரப்பையும் காட்டினால், அது கோரிக்கையாளருக்குச் சாதகமான சான்றாகும்.

வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 5, காட்டையும் வனவிலங்கையும் பல்லுயிர் வளத்தையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கும் உரிமை பெற்றோருக்கும் வழங்குகிறது. காப்பவர் கிராம சபை என்றால், காப்பதற்கான கருவியும் தரவும் கிராம சபைக்கு உரியவையே. வரைபடங்களைக் கிராம சபைக்கு வழங்க வேண்டியது உட்கோட்ட அளவிலான குழுவின் கடமை என்று விதிகளே கூறுகின்றன.

விசாரணையில் திரையைத் திருப்பிக் காட்டும்போது கோரிக்கையாளர் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. இப்படம் எந்த நாளில், எந்தப் பருவத்தில் எடுக்கப்பட்டது? இதன் ஒரு புள்ளி தரையில் எவ்வளவு பரப்பு? இதைப் படித்துப் பொருள் சொன்னவர் யார்? அவர் நேரில் வந்து தரையைப் பார்த்தாரா? இதன் நகல் எங்கே? இக்கேள்விகளை எழுத்தில் கேட்டு, விடையையும் எழுத்தில் பெற வேண்டும். நகல் மறுக்கப்பட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கோர வேண்டும். கிராம சபையின் தீர்மானத்தை எதிர்த்து உட்கோட்ட அளவிலான குழுவுக்கும், அக்குழுவின் முடிவை எதிர்த்து மாவட்ட அளவிலான குழுவுக்கும் 60 நாட்களுக்குள் மனுச் செய்யலாம். காலக்கெடுவைத் தவறவிட்டதால் இழந்த உரிமைகள் ஏராளம்.

அரசிடம் நாம் முன்வைக்கும் கோரிக்கைகளும் எளியவை. குடியிருப்புகளின் மேல் ட்ரோன் பறக்கும் முன் கிராம சபைக்கு அறிவித்து அதன் ஒப்புதலைப் பெற வேண்டும். மனிதர் பதிவாகும் படங்களை அழிப்பதற்கு வெளிப்படையான நெறிமுறை வேண்டும். வான்வழி அளவைகளின் முடிவுகளைத் தமிழில் கிராம சபைக்குத் தர வேண்டும். பளியர் இளைஞர்களுக்கும் அடிவாரத் தலித் இளைஞர்களுக்கும் இக்கருவிகளை இயக்கவும் படங்களைப் படிக்கவும் பயிற்சி தர வேண்டும். கூலிக்கு வழிகாட்டுவோராக மட்டும் அவர்களை வைத்திருப்பது, காட்டைப் பற்றிய அவர்களுடைய அறிவைப் பெற்றுக்கொண்டு அதிகாரத்தை மறுப்பதாகும்.

அணிலுக்கு அறுபடாத மரக்கூரை வேண்டும் என்பதை லைடார் அளந்து சொல்லும். அந்தக் கூரைக்கு அடியில் தலைமுறைகளாக நடந்த மனிதர்களைப் பற்றி அவர்களிடமே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். சட்டம் கேட்பதும் அதைத்தான். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் மூத்தோரின் வாக்குமூலங்களை எழுதி, கையொப்பமிட்டு, பதிவேட்டில் சேர்ப்பதிலிருந்து அந்தப் பணியைத் தொடங்குவோம்.